பத்துக் குழி நட்சத்திரம்

எங்கள் சிப்பித்துறை நட்சத்திரத்துக்குள் கடலும் கரையும் கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கிற மனிதர்களும் அடங்கிப்போன அந்த டிசம்பரில் மழை நேரத்தோடு விட்டிருந்தது, சாளை மீன் நிறையக் கிடைத்தது, கோயில் கோபுரத்துக்கு வெள்ளையடித்து முடித்திருந்தார்கள், ஆண்டவர் கிருபையில் ஊரில் யாருக்கும் காய்ச்சல் இல்லை, எனக்கும் ஒரே ஒரு குறையைத் தவிர வேறு குறை இல்லை. நாலு வீடு தள்ளி இருக்கிற என் மகள் பிரின்சியோடு நான் பேசக் கூடாது என்பதுதான் அந்தக் குறை.

நட்சத்திரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைச் சொல்லும்போது எனக்குத் தலை கொஞ்சம் நிமிரும், அது பாவமானால் மாதா மன்னிக்கட்டும். கோபுரத்தில் தொங்குகிற அந்த நட்சத்திரம் இரண்டு ஆள் உயரம். சவுக்குக் கழியில் ஆண்கள் சட்டம் கட்டித் தருவார்கள், மஞ்சள் காகிதத்தைப் பெண்கள் ஒட்டுவோம், பசை கிழங்கு மாவில் காய்ச்சியது. நட்சத்திரம் என்றால் ஐந்து முனை, ஐந்து குழி. முனை என்பது வெளியே பார்த்து நீட்டிக்கொண்டிருக்கிற மூலை. குழி என்பது இரண்டு முனைக்கும் நடுவே உள்ளே பார்த்துக் குத்தி நிற்கிற மூலை. எல்லோரும் முனையைத்தான் பார்ப்பார்கள், முனையைத்தான் புகழ்வார்கள், ஆனால் முனையை யார் வேண்டுமானாலும் ஒட்டிவிடலாம், காகிதத்தை மடித்து அமுக்கினால் தானே நிற்கும். குழி அப்படியில்லை. அங்கே கத்தரியால் ஒரு நெல் நீளத்துக்கு வெட்டு விட வேண்டும், விடாவிட்டால் காகிதம் சுருங்கும், கூடிவிட்டால் கிழியும். வெட்டின இரண்டு பக்கத்தையும் கழிமேல் மடக்கி, பசை பிடிக்கிற வரைக்கும் கட்டைவிரலை எடுக்காமல் அமுக்கிக்கொண்டிருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்றால், பத்து அருள்நிறை மந்திரம் சொல்கிற நேரம். முனைக்கு ஒரு பரலோக மந்திரம் போதும். முனைக்கு ஒன்று, குழிக்குப் பத்து என்று சுற்றி வந்தால் நட்சத்திரமும் முடியும், ஒரு ஜெபமாலையும் முடியும். இருபத்திரண்டு வருஷமாக எங்கள் ஊரில் குழி ஒட்டுகிறவள் நான். ஆறாம் வகுப்போடு நின்றவள், கையெழுத்துக்கூட நேராக வராது, ஆனால் ஆக்னஸ் ஒட்டின குழி பிரிந்தது என்று எந்தக் கடல்காற்றும் இதுவரை பேர் வாங்கியதில்லை.

எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் சகாயராஜ் குவைத்தில், இளையவள் கோயம்புத்தூரில் நர்ஸ். நடுவில் உள்ளவள் பிரின்சி, அவளை உள்ளூரிலேயே எடிசனுக்குக் கொடுத்தோம். எடிசன் கடலில் பார்த்ததைக் கரையில் வந்து கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜெரோம் என்பவனுடைய வலையை ஒரு விசைப்படகு அறுத்துக்கொண்டு போனது. படகு எங்கள் ஊர்த் தலைவர் லாரன்ஸுடைய தம்பியுடையது. எந்தச் சண்டையானாலும் ஊர்க் கமிட்டியில் பேசித் தீர்ப்பதுதான் எங்கள் வழக்கம். ஜெரோம் போலீசுக்குப் போனான். எடிசனும் கூடப் போய், நான் கண்ணால் பார்த்தேன், அந்தப் படகுதான் என்று எழுதிக்கொடுத்தான். கமிட்டி கூடி, இரண்டு குடும்பத்தையும் ஊருக்கு வெளியே வைத்தது. வெளியே என்றால் வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை, வீடு அங்கேயேதான். கடையில் அவர்களுக்குச் சாமான் கிடையாது, குழாயடியில் அவர்கள் குடத்துக்குப் பக்கத்தில் யாரும் குடம் வைக்க மாட்டார்கள், கிறிஸ்துமஸுக்கு ஊர் கூடிச் சாப்பிடுகிற அசனத்தில் அவர்களுக்கு இலை இல்லை, அவர்களோடு பேசுகிறவர்களும் பேசிய நேரத்திலிருந்து வெளியே. நட்சத்திர வெளிச்சம் எதுவரைக்கும் விழுகிறதோ அதுவரைக்கும் ஊர் என்று எங்களிடம் பழைய பேச்சு ஒன்று உண்டு. அந்த வருஷமே கமிட்டிக்காரர்கள் நட்சத்திரத்தை நாலு முழம் கீழே இறக்கிக் கட்டி, வெளிச்சம் பிரின்சியின் வேலிக்கு இந்தப்பக்கமே நின்றுபோகும்படி பார்த்துக்கொண்டார்கள்.

நான் கீழ்ப்படிந்தேன். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது. என் வீட்டுக்காரர் தாசன் படகில் ஆள் சேர்த்துப் போகிறவர், ஊர் இல்லாமல் கடலுக்குப் போக முடியாது, இளையவளுக்கு வேறு கல்யாணம் பேச வேண்டும், இப்படி ஒவ்வொன்றாக நினைத்துக் கீழ்ப்படிந்தேன். பிரின்சி குழாயடிக்கு வரும்போது நான் என் கோழியிடம் பேசுவேன்.

"ஏ கோழி, ஏழாம் மாசம் ஆச்சே, காலுல நீர் வைக்குதா ஒனக்கு?"

அவள் குனிந்து தன் குடத்திடம் சொல்வாள்: "கொடமே, நீரெல்லாம் வைக்கல்ல, ஒருச்சாய்ஞ்சு படுக்கத்தான் முடியலன்னு சொல்லு."

கோழி தன்பாட்டுக்குக் கொத்திக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்கிற பெண்கள் கடலைப் பார்ப்பார்கள். முதல் பிள்ளைக்கு ஏழாம் மாதத்தில் பலகாரம் கொண்டுபோய் மகளைத் தாய்வீட்டுக்குக் கூட்டி வருவதுதான் எங்கள் முறை. பலகாரத்துக்கு மாவு இடித்து வைத்துவிட்டு, யாரிடம் கொண்டுபோவது என்று தெரியாமல் அந்த மாவை டப்பாவில் போட்டு மூடிவைத்தவள் நான்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து ஒட்டத் தொடங்கினோம். ஜெபமாலையில் பத்துக்கு ஒன்றாக நினைத்துச் சொல்கிற மகிழ்ச்சி மறைபொருள் ஐந்தையும் சொல்லிக்கொண்டு வந்தேன். முதல் முனைக்கு ஒன்று, முதல் குழிக்குப் பத்து. இரண்டாவது மறைபொருள், மாதா மலைநாட்டுக்குப் புறப்பட்டுப்போய் வயிற்றுப்பிள்ளையோடு இருந்த எலிசபெத்தைச் சந்தித்தது. அதைச் சொன்னதும் எனக்கு விரல் நின்றுவிட்டது. எவ்வளவு தூரம் நடந்து போனாள் தாயே, நாலு வீடு தள்ளி எனக்குப் போக முடியவில்லையே, யாரிடம் கேட்டுவிட்டுப் போனாய் நீ என்று நினைத்துக்கொண்டே கட்டைவிரலை எடுக்காமல் அமுக்கிப் பத்து அருள்நிறை மந்திரம் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அது குழியல்ல, முனை என்று பார்த்தேன். பார்த்தும் நிறுத்த முடியவில்லை. அடுத்த குழிக்குப் பத்து, அடுத்த முனைக்கும் பத்து, பிரின்சிக்காகப் பத்து, அவள் வயிற்றில் உள்ளதுக்காகப் பத்து, இப்படியே சுற்றி வந்து, முதல் முனை மட்டும் தனியாக நிற்கிறதே, அதுவும் ஒரு பிள்ளைதானே என்று அதற்கும் பத்து சொல்லி அமுக்கினேன். சவுக்குக் கழி எப்போது வளைந்தது என்று நான் பார்க்கவில்லை. முனையெல்லாம் உள்ளே திரும்பிவிட்டது. பத்து மூலையும் குழியாக இருந்தது.

மண்டபத்தில் யாரும் கவனிக்கவில்லை, பிள்ளைகள் காகிதத் துண்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கயிறு கட்டித் தூக்கி, பல்பு போட்டார்கள். ஊர் முழுக்க முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தது. முதலில் யாருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை, ஏதோ ஒன்று வழக்கம்போல இல்லை என்று மட்டும் தெரிந்தது. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிற பெர்னதெத் டீச்சர்தான் விரல் நீட்டி எண்ணினார், எண்ணிவிட்டுத் திரும்பவும் எண்ணினார், பிறகு கோயில் படியில் உட்கார்ந்து சாக்கட்டியால் முக்கோணம், சதுரம், அம்புக்குறி என்று வரைந்து பார்த்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஆக்னஸ், மூணு மூலையாவது வெளிய பாக்கணும். அடைஞ்ச உருவம் எதுவானாலும் அதுதான் கணக்கு. உள்ள எத்தன குழி வேணும்னாலும் போட்டுக்கோ, மூணு வெளிய நீட்டாம எந்த உருவமும் மூடாது."

"ஒண்ணுகூட நீட்டலியே டீச்சர்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்துப் போட்டுக்கொண்டு நட்சத்திரத்தைப் பார்த்தார், பிறகு எங்களையெல்லாம் பார்த்தார்.

"அப்பம் ஒரு வழிதான் உண்டு. அது மூடத்தான் செய்யுது. நாமதான் நிக்கிற பக்கத்தத் தப்பா நெனச்சிட்டோம். அதுக்க வெளிப்பக்கம்னு நாம பாக்கிறதுதான் உள்பக்கம். நாம எல்லாரும் நட்சத்திரத்துக்க உள்ள நிக்கிறோம்."

அவர் சொன்ன பிறகுதான் நாங்கள் கோபுரத்தை விட்டுக் கண்ணை எடுத்துச் சுற்றிலும் பார்த்தோம். கடல் முடிகிற இடத்திலும், பனைக்கூட்டத்துக்குப் பின்னாலும், வடக்கே மலைக்கு மேலேயும், மெல்லிய மஞ்சள் காகிதம் தூக்கிக் கட்டினதுபோல வானத்தின் ஓரம் முழுக்க வெளிச்சம் நின்றது, அதில் பத்து மடிப்பு இருந்தது, பத்து மடிப்பும் எங்களைப் பார்த்து நின்றது. நன்றாகப் பார்த்தால் ஒவ்வொரு மடிப்பிலும் நெல் நீளத்துக்கு என் கத்தரி வெட்டு தெரிந்தது. பிறகு கருவாடு போடுகிற லூர்தக்கா, எல்லாம் உள்ளே என்றால் மீன் கழிவை இனிமேல் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று கேட்டாள், அது நியாயமான கேள்வி என்று எல்லோருக்கும் பட்டது, அதைப் பற்றிப் பேசிக்கொண்டே அவரவர் வீட்டுக்குப் போனோம்.

ஒரு வாரத்தில் ஊருக்கு அது பழகிவிட்டது. குவைத்திலிருந்து சகாயராஜ் கூப்பிட்டு, அம்மா, எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் வானத்தில் ஒரு குழி நிற்கிறது, ஒட்டினது உங்கள் கை போலிருக்கிறதே என்றான். ஆமாம் மக்ளே, நான் ஒட்டினதுதான் என்றேன், அவன் கூட வேலை செய்கிற வங்காளிப் பையன்களையும் போனில் கூப்பிட்டு எனக்கு வணக்கம் சொல்ல வைத்தான். கோயம்புத்தூர்க்காரி ஆஸ்பத்திரி மாடியிலிருந்து படம் எடுத்து அனுப்பினாள். கடலுக்குப் போகிறவர்கள் திசை பார்க்க ஆறாவது மடிப்பை வைத்துக்கொண்டார்கள். நாகர்கோவில் பஸ்ஸின் கண்டக்டர், நட்சத்திரத்துக்கு உள்ளே இருக்கிற எல்லோரும் டிக்கெட் எடுத்தாச்சா என்று கேட்கத் தொடங்கினார். வருஷா வருஷம் எங்களோடு நட்சத்திரப் போட்டிக்கு நிற்கிற பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்தார்கள், நாங்களும் இதற்குள்ளேதானே இருக்கிறோம், அப்படியானால் இது எங்கள் நட்சத்திரமும்தான் என்றார்கள். அதை மறுத்துச் சொல்ல எங்களுக்கு வழி தெரியவில்லை. பிள்ளைகளுக்கு எங்கே பார்த்தாலும் குழி தெரிய ஆரம்பித்தது. கடித்த ஆப்பத்தில் குழி, ரோட்டில் வரைந்த அம்புக்குறியின் பின்னால் குழி, ட எழுத்துப்போல மடக்கிக் கட்டின வீட்டின் முற்றத்தில் குழி, சட்டைக் காலரில் குழி, விரித்த விரலுக்கு நடுவில் நாலு குழி. வீட்டுக்கு வீடு சுவரில் மாட்டியிருக்கிற திரு இருதயப் படத்தில், இருதயத்தின் மேலேயே உள்ளே பார்த்து ஒரு குழி இருக்கிறது என்று சொன்னது லூர்தக்காவின் பேத்தி. இத்தனை வருஷம் அந்தப் படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றிருக்கிறேன், குழி ஒட்டுகிறவள் நான், எனக்கு அது கண்ணில் பட்டதில்லை. பெண்கள் என்னைக் கடைத்தெருவில் பார்த்தால் என் கட்டைவிரலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கூச்சமாகத்தான் இருந்தது. வேண்டாம் என்று சொல்லவில்லை.

சங்கடம் வந்தது கமிட்டிக்குத்தான். ஒருநாள் காலையில் ஜெரோம் கடைக்குப் போய்ச் சீனி கேட்டான். நீ வெளியே இருக்கிறவன், உனக்குச் சாமான் கிடையாது என்றார் கடைக்காரர். ஜெரோம் வானத்து மடிப்பைக் கையால் காட்டினான். கடைக்காரர் பார்த்தார், தலையைச் சொறிந்தார், சீனியைப் பொட்டலம் கட்டி அவனிடம் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்கே கமிட்டி கூடியது. வெளியே என்று ஒரு இடம் இருந்தால்தானே ஒருவனை வெளியே வைக்க முடியும் என்று செயலாளர் கேட்டார். வெளியைத் தேடிக் கண்டுபிடிக்க ஆள் அனுப்பினார்கள். இரண்டு பேர் பைக்கில் கேரளா வரைக்கும் போனார்கள், இரண்டு பேர் வடக்கே மலை ஏறினார்கள், தலைவரின் தம்பி தன் விசைப்படகில் டீசல் தீர்கிற மட்டும் தெற்கே போனான். எல்லோரும் திரும்பி வந்து ஒரே சேதியைத்தான் சொன்னார்கள்: போகப் போக மடிப்பும் அதே தூரத்தில் நிற்கிறது, ஒரு முழ இடம்கூட வெளியே இல்லை. புதிதாக வந்திருந்த பங்குச் சாமியார் இரண்டு பக்கமும் பேசாமல், எல்லோரும் ஜெபிப்போம் என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது தலைவர் லாரன்ஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நான் கொடுத்த கட்டன்சாயாவைக் குடித்து, மழையைப் பற்றி, சாளையைப் பற்றி, என் இளையவள் கல்யாணத்தைப் பற்றியெல்லாம் பேசிவிட்டு, பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். டீச்சரிடம் கேட்டாராம், மூன்று மூலையை வெளியே தள்ளிவிட்டால் போதும், நட்சத்திரம் பழையபடி மூடும், உள்ளே வெளியே என்று இரண்டு பக்கம் திரும்ப வரும். அதைச் செய்யத் தெரிந்த விரல் ஊரில் ஒன்றுதான் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் குரலைத் தாழ்த்தினார்.

"மைனி, ஒங்க மனசு எனக்குத் தெரியும். தள்ளும்போது கிழக்குப் பக்கத்து முனைய கொஞ்சம் நீட்டித் தள்ளுங்க. பிரின்சி வீடு உள்ள வந்துரும். ஏழாம் மாசம்லா, பலகாரம் கொண்டுபோய்க் கூட்டிட்டு வாங்க, யாரும் ஒரு வார்த்த கேக்க மாட்டாவ. ஜெரோமுக்க வீடு அதுக்கும் அந்தப்பக்கம்தானே, அது கெடக்கட்டும்."

அவர் போன பிறகு, என்ன சொல்கிறீர்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ஏட்டி, ஒனக்க கையில உள்ள வேல, நீயே பாத்துக்கோ," என்று சொல்லி வலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த மாவு டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தேன். வண்டு வைக்கவில்லை.

நான் ஏறினேன். இதையும் மறைக்கவில்லை. மறுநாள் காலை திருப்பலி முடிந்ததும், கோபுர ஏணியில் பசைச் சட்டியும் கத்தரியும் எடுத்துக்கொண்டு, மாதாவே, என் பிள்ளைக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டே ஏறினேன். மூன்று முனைக்கு மூன்று பரலோக மந்திரம், ஐந்து நிமிஷ வேலை. கீழே கமிட்டிக்காரர்கள் அண்ணாந்து நின்றார்கள். கிழக்குப் பக்கத்து மூலையில் கட்டைவிரலை வைத்து, எதுவரைக்கும் தள்ள வேண்டும் என்று அளவு பார்ப்பதற்காக ஊரைக் கிழக்கே பார்த்தேன். பிரின்சியின் வீடு தெரிந்தது, கொடியில் அவள் நைட்டி காய்ந்தது. அதற்கு அடுத்த வேலியில் ஜெரோமின் மனைவி டெய்சி முக்காலி போட்டு ஏறி நின்று ஒரு சின்ன நட்சத்திரத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். பழைய காலண்டர் தாளில் செய்தது. தேதியெல்லாம் தெரிந்தது. ஐந்து முனையும் நன்றாகத்தான் வந்திருந்தது, ஐந்து குழியும் சுருங்கிக் கோணிக்கொண்டு, ஒன்று கிழிந்தே இருந்தது, அவள் அதை எச்சில் தொட்டு ஒட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழியில் வெட்டு விடாமல் ஒட்டியிருக்கிறாள்.

அத்தனை உயரத்திலிருந்து எனக்கு அதுதான் தெரிந்தது. ஒரு நெல் நீளத்துக்கு வெட்டு விட வேண்டும் என்று எங்கள் ஊரில் பத்து வயதுப் பெண்பிள்ளைக்குக்கூடத் தெரியும், இவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவள் வெளியூரிலிருந்து கட்டி வந்தவள், வந்த மறுவருஷமே வெளியே வைத்துவிட்டோம், இரண்டு கிறிஸ்துமஸாக அவள் இப்படித்தான் கிழிந்த குழியோடு தொங்கவிட்டிருப்பாள், அந்த வழியாகத் தினமும் போகிற நான் தலையைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறேன். விரலை எடுத்துவிட்டேன். பசைச் சட்டியோடு இறங்கினேன். என்ன ஆச்சு மைனி என்று தலைவர் கேட்டார், ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிட்டு நடந்தேன். கமிட்டி பார்க்க, குழாயடிப் பெண்கள் பார்க்க, பகல் ஒன்பது மணி வெயிலில் ஜெரோம் வீட்டு வேலிப்படலைத் திறந்துகொண்டு போய், டெய்சி, அதை இப்படிக் கொடு என்றேன்.

அவள் முக்காலியிலிருந்து இறங்கவே பயந்தாள். நான் கீழே உட்கார்ந்து, கத்தரியால் வெட்டு விட்டு, மடக்கி, கட்டைவிரலை வைத்து, பத்து அருள்நிறை மந்திரம் சொன்னேன். இரண்டாவது குழிக்கு அவள் விரலை வைக்கச் சொன்னேன். நாலைந்து மந்திரத்துக்குப் பிறகு அவளும் கூடச் சொல்ல ஆரம்பித்தாள், சொல்லிக்கொண்டே அழுதாள். வேலிக்கு வெளியே கூட்டம் கூடிவிட்டது. வழக்கப்படி நானும் அந்த நேரத்திலிருந்து வெளியே இருக்க வேண்டியவள். ஆனால் என்னை எங்கே வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

அங்கிருந்து எழுந்து பிரின்சியின் வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள், எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தை நேராகப் பார்த்தேன், கன்னத்தில் புதிதாக மங்கு விழுந்திருந்தது. மக்ளே, வா, வீட்டுக்குப் போவோம் என்றேன்.

"டெய்சிக்கா வீட்டுக்கு மொதல்ல போனிய. அது சரிதான்," என்றாள். "எல்லாரும் உள்ளதான் இருக்கோம்னு இப்பம் நட்சத்திரம் சொல்லுது. அது சொல்லுததுக்கு முன்ன நான் எங்க இருந்தேன்மா? நாலு வீடு தள்ளித்தானே?"

தப்புதான் மக்ளே என்றேன். அவள் என்னைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், பிள்ளை நடுவில் உதைத்தது, ஆனால் பிடித்துக்கொண்டே அவள் சொன்னது வேறு.

"நான் எங்கயும் வரல்ல. உள்ளதானே இருக்கேன், எதுக்கு வரணும்? பலகாரத்த இங்க வச்சுச் சுடுங்க. அசனத்தையும் இங்க வைக்கச் சொல்லுங்க, எனக்க முத்தத்துல."

என் வயிற்றில் பிறந்தவள் அப்படிச் சொன்னபோது எனக்கு வந்த பெருமையை நான் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை.

அதை நானே கமிட்டியில் போய்ச் சொன்னேன். அசனத்துக்குக் கோயில் முற்றம்தான் என்று தலைவர் மேசையைத் தட்டினார். நட்சத்திரத்துக்குள்ளே எந்த இடமும் ஒன்றுபோலத்தான், அடுப்பை எங்கே கூட்டினாலும் உள்ளேதான் என்று டீச்சர் சொன்னார். அதற்கு மேல் பேச்சு நீண்டிருக்கும், ஆனால் லூர்தக்காவும் குழாயடிப் பெண்களும் யாருடைய பேச்சு முடிகிறதற்கும் காத்திருக்கவில்லை, அசனத்துக்குச் சமைக்கிற பெரிய கோயில் வார்ப்புகளைக் கழியில் கோர்த்துத் தோளில் வைத்துத் தெரு வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு வருஷம் கடலைப் பார்த்து நின்ற கண்களெல்லாம் நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தன. பக்கத்து ஊர்க்காரர்கள் அரிசி கொண்டுவந்தார்கள். பஸ் கண்டக்டர் குடும்பத்தோடு வந்தார். எத்தனை பேருக்கு என்று கணக்குப் போட முடியவில்லை, இருக்கிற வார்ப்பையெல்லாம் ஏற்றினோம்.

கிறிஸ்துமஸ் அன்று உச்சிப்பொழுதில் பிரின்சியின் முற்றத்தில் ஆட்டுக்கறி கொதித்தது. கறி இறக்குவதற்கு முன்னால் ஊர்த் தலைவர் ஒரு சொட்டு உள்ளங்கையில் ஊற்றி ருசி பார்க்க வேண்டும், அது முறை. லாரன்ஸ் வந்தார். வெள்ளை வேட்டி, கழுத்தில் ஊர்ச் சங்கிலி. ருசி பார்த்தார், முகம் சுளித்தது. உப்புப் பத்தவில்லை. உப்பு மூட்டை கோயில் மண்டபத்திலேயே நின்றுவிட்டது, அங்கே போய் எடுத்து வருவதற்குள் கறி தீய்ந்துவிடும். பிரின்சியின் அடுக்களை இரண்டு எட்டில் இருந்தது. அவர் சுற்றிப் பார்த்தார், நாங்கள் யாரும் அசையவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்கள் கத்தியைக் கீழே வைத்தார்கள்.

"மக்ளே பிரின்சி," என்றார் தலைவர். தொண்டையைச் செருமிக்கொண்டு, "உப்பு இருக்குமா கொஞ்சம்?"

பிரின்சி வாசற்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, அடுப்படியில் நின்ற தன் வீட்டுக்காரனைக் கண்ணால் காட்டி, மரியாதைக் குறைவு ஒரு துளியும் இல்லாமல், உப்பு அவியகிட்டதான் கேக்கணும் தலைவரே, இங்க அடுப்பு பாக்கிறது அவியதான் என்றாள்.

எடிசன் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தான். தலைவர் அவனிடம் போய் நின்றார். கேட்டார். என்ன கேட்டார் என்று புகையில் எங்களுக்குக் கேட்கவில்லை, அவர் தலை கொஞ்சம் குனிந்தது மட்டும் தெரிந்தது. எடிசன் உள்ளே போய் உப்புச் சட்டியை எடுத்து வந்தான். வந்தவன் அதை அவர் கையில் கொடுக்கவில்லை. அகப்பையை எடுத்துக் கறியைக் கிளறி, தானும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நாக்கில் வைத்துக் கண்ணை மூடிப் பார்த்தான்.

"ரெண்டு கை போடலாம்," என்றான். "அதுக்கு மேல வேண்டாம்."

சுற்றி நின்ற அத்தனை பேரில், சரியாகத்தான் சொல்கிறானா என்று இன்னொருவனை விட்டு ருசி பார்க்கச் சொன்னவர் யாரும் இல்லை. ஜெரோம் சட்டியைப் பிடித்துக்கொள்ள, ஊர்த் தலைவர் தன் கையால் இரண்டு கை உப்பு அள்ளிப் போட்டார், கறி சரியாக இருந்தது, நாங்கள் இலை போட்டோம்.